கிணற்று முடிச்சு

ஒவ்வொரு முட்டையை உடைத்துச் சட்டியில் விடும்போதும் பச்சையம்மாவுக்கு அதே சந்தேகம்தான் வந்து வந்து நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றினேனா, ஒரு சுற்றா? ஒரு சுற்று என்றால் பலமாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வந்துவிட்டால் நல்லது, சாமிக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம், இந்தச் சீமையில் தேங்காய்க்கு எங்கே போவது, சரி, ஒரு பூசணிக்காயாவது உடைக்கலாம். இரண்டு சுற்று என்றால்? முட்டை எண்ணெயில் விழுந்து ஓரம் சுருண்டு நுரைத்தது. இரண்டு சுற்று என்றால் அது கிணற்று முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். கை எப்போதும் செய்கிறதைத்தானே செய்திருக்கும்? இன்றைக்கு ஊருக்குள் கொள்ளைக்காரன் வரப்போகிறான், இன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஏனோதானோவென்று கட்டு என்று கைக்கு யார் சொன்னது? "மேரி, கருகுது பாரு," என்றான் சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன். அவன் மடியில் துப்பாக்கி, தூங்குகிற பூனைபோலக் கிடந்தது. டெனிஸ் என்று மற்ற இருவரும் அவனைக் கூப்பிடுவதைக் கேட்டிருந்தாள். மேரி என்பது இவள். பச்சையம்மா என்கிற பேர் வாட்டல் கிரீக்கில் எவர் வாயிலும் நுழையாததால் ஓட்டல்காரர் ஹாலரன் வந்த அன்றைக்கே மேரி என்று வைத்துவிட்டார். புருஷன் சடையனுக்கு ஜாக். கிரீக் என்றால் ஓடையாம். அந்த ஓடையில் தண்ணீர் ஓடி இவள் பார்த்ததில்லை, அப்படிப்பட்ட ஊரில் பேருக்கென்ன, எதையும் எப்படியும் கூப்பிடலாம். முட்டையைத் திருப்பினாள். சன்னலுக்கு வெளியே முற்றம், முற்றத்துக்கு அப்பால் துணி உலர்த்தும் கொடி, அதற்கு அப்பால் விறகுக் கொட்டகை. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. பார்க்காதே, அங்கே பார்க்காதே, நீ பார்த்தால் அவனும் பார்ப்பான். சட்டியைப் பார்.

காலையில் மூன்று பேராக வந்தார்கள். வந்த கையோடு ஊரில் இருந்த ஒரே போலீஸ்காரனை அவன் கொட்டடியிலேயே தள்ளிப் பூட்டினார்கள், பாவம், முகத்தில் சவரச் சோப்பு காயக்கூட இல்லை. பிறகு கடைக்காரர், கொல்லர், பள்ளிக்கூடத்து அம்மாள், அந்த நேரத்தில் வழியோடு போய் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்கள் எல்லோரையும் ஆட்டுமந்தையை ஓட்டுகிற மாதிரி ஓட்டிவந்து ஓட்டல் கூடத்தில் அடைத்தார்கள். அடைத்துவிட்டு ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றச் சொன்னதும், பள்ளிக்கூடத்து அம்மாளைப் பியானோ வாசிக்கச் சொன்னதும்தான் இவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கொள்ளைக்காரன் வந்த இடத்தில் கல்யாண வீட்டுச் சத்தம்! இவளை மட்டும் சமைக்க விட்டார்கள், காவலுக்கு டெனிஸ். தலைவனைக் கேப்டன் என்றார்கள். செம்பட்டைத் தாடி, நல்ல உயரம், ஓட்டல்காரர் சம்சாரம் துரைசானிக்குத் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னான். வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையாக ஹாலரனிடம் கேட்டான், "உங்க பந்தயக் குதிரை எங்கே? டச்சஸ்?" டச்சஸ் என்றால் ராணிக்கு அடுத்த ராணியாம். பெயரைப் பார், அப்படிக் கூப்பிட்டால் கண் படாமல் என்ன செய்யும்? ஓட்டல்காரர் கண்ணைச் சிமிட்டாமல், "போன வாரமே வித்துட்டேன், பாதர்ஸ்டு பட்டணத்துக்குப் போயிருச்சு," என்றார். கேப்டன் சிரித்தான். "சாப்பிட்டுட்டுத் தேடுவோம்," என்றான். சாப்பிட்டுவிட்டு. அந்த வார்த்தை பச்சையம்மா காதிலேயே நின்றுவிட்டது. இவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரைதான் காலம், அந்தக் காலம் முழுக்க இந்தச் சட்டியில்தான் இருக்கிறது. மெதுவாகப் பொரி, பச்சை. அடுப்பைத் தணி. விறகைக் கொஞ்சம் வெளியே இழு. ஆனால் மெதுவாகப் பொரித்தால் குழந்தைக்குப் பசி வந்துவிடும். பசி வந்தால் எழும், எழுந்தால் அழும், அதன் தொண்டைக்குக் கொட்டகைக் கதவெல்லாம் ஒரு பொருட்டா? சீக்கிரம் பொரித்தால் தேட வந்துவிடுவார்கள், மெதுவாகப் பொரித்தால் குழந்தை காட்டிக்கொடுத்துவிடும். அவள் விறகை வெளியே இழுத்தாள். பிறகு மறுபடி உள்ளே தள்ளினாள்.

குதிரையும் குழந்தையும் ஒரே கொட்டகையில் இருந்ததுதான் விஷயம். அது இன்றைக்கு நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. டச்சஸ் போன மாரிக்காலத்தில் ஒரு குட்டி ஈன்று, குட்டி எழுந்து நிற்காமலே போய்விட்டது. அதற்கப்புறம் அது தீனியைத் தொடாமல், லாயத்துச் சுவரை உதைத்து, சடையனைத் தவிர யாரையும் கிட்ட விடாமல் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பச்சையம்மா குப்புவைப் பெற்றது. வீட்டுக்குள் குழந்தை அழக்கூடாது, விருந்தாளிகள் தூங்குகிற இடம் என்று துரைசானி சொல்லிவிட்டதால் சடையன் தூளியை லாயத்து உத்திரத்திலேயே கட்டினான், இவளுடைய பழைய சிவப்புச் சீலையில். குதிரை அன்றைக்கு முழுக்கத் தூளியையே பார்த்துக்கொண்டிருந்ததாம். மறுநாள் புல் தின்றது. சடையனுக்கு உடனே ஒரு யோசனை, அவனுக்கு யோசனைக்கு என்ன பஞ்சம், பரங்கிமலை லாயத்தில் பட்டாளத்துக் குதிரைகளோடு வளர்ந்த மனுஷன். தூளியின் விளிம்பிலிருந்து ஒரு கயிறு இழுத்துக் குதிரையின் தலைக்கயிற்றில் கட்டிவிட்டான். குதிரை புல்லை இழுக்கத் தலையை ஆட்டும்போதெல்லாம் தூளி ஆடும். புல்லுக்கு ஒரு ஆட்டு, மெல்லும்போது சின்னச் சின்ன ஆட்டு. குழந்தை தூங்கும், குதிரை அடங்கும். "குதிரை வச்சுத் தூளி ஆட்டுற ஆளை இப்பதான் பாக்கறேன்," என்று இவள் சிரித்தபோது, "பட்டத்து ராணி ஆட்டுறா உம் பிள்ளைய, பேசாம கெட," என்றான். அந்தக் கயிற்றில் அவன் போடும் முடிச்சு குதிரைக்காரன் முடிச்சு. வால் ஒன்று வெளியே தொங்கும், அதை ஒரு இழுப்பு இழுத்தால் முழுதும் அவிழ்ந்துவிடும். லாயத்தில் நெருப்புப் பிடித்தால் குதிரையை ஒரு நொடியில் அவிழ்க்கணுமாம். இவளுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான், விரலைப் பிடித்து, இப்படி வளைச்சு, இப்படி உள்ளே விடு, தலையை விடாதே வாலை விடு என்று. இவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அவுரணும்னு கட்டுறதுக்கு எதுக்குக் கட்டணும்?"

அதைக் கற்றுக்கொண்டிருக்கலாம். சிரிக்காமல் ஒரு தரம், ஒரே ஒரு தரம் கற்றுக்கொண்டிருக்கலாம். சடையன் சாமான் வண்டியோடு மாவு மூட்டை எடுத்துவரப் போய் இன்றைக்குத்தான் திரும்ப வேண்டும். விடிந்ததும் விடியாததுமாக யாரோ ஓடிவந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹாலரன் குதிரையை லாயத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் ஒளித்தார். பழக்கமில்லாத இடம், குதிரை கனைத்தது, சுவரை உதைத்தது. "மேரி! கொண்டா, உன் பிள்ளையைக் கொண்டா, அந்தத் துணியைக் கட்டு இங்கே, சீக்கிரம்!" அப்படித்தான் சொன்னார். பிள்ளையைக் கொண்டா. இவளும் கொண்டுபோனாளே! உத்திரத்தில் தூளியைக் கட்டி, தூங்குகிற பிள்ளையைப் போட்டு, கயிற்றைக் குதிரையின் தலைக்கயிற்றில் கட்டினாள். அவர் பின்னாலேயே நின்று சீக்கிரம் சீக்கிரம் என்றார். குதிரை அடங்கியது, வாங்கிக்கொண்டிருந்த மூச்சு உடனே தணிந்தது. எவ்வளவு நல்ல குதிரை என்றுதான் அந்த நேரத்தில் இவளுக்குத் தோன்றியது. முடிச்சைப் பற்றி நினைக்கவே இல்லை. கதவைச் சாத்தும்போது ஹாலரன் சொன்னார்: "இது போச்சுன்னா நீயும் ஜாக்கும் வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்." அதைத்தான் நினைத்தாள். வேறு இடம் என்றால் எந்த இடம்? கூட்டிவந்த பட்டாளத்துத் துரை செத்துப்போனபிறகு இந்த நாட்டில் இவர்கள் இரண்டு பேரையும் வேலைக்கு வைத்தது இந்த ஓட்டல் ஒன்றுதான். முடிச்சு நினைவுக்கு வந்தது எப்போது? முதல் முட்டையை உடைக்கும்போது. அவள் ஊரில் கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் பெரிய வீட்டுக்குப் போய்ப் பாதாளக்கரண்டி இரவல் கேட்க வேண்டும், அந்தக் கொக்கிகள் தொங்குகிற இரும்பைக் கொடுப்பதற்குள் அவர்கள் பேசுகிற பேச்சுக்கு வாளியே வேண்டாம் என்றாகிவிடும். அதனால் அம்மா இவளுக்குச் சின்னதிலேயே அந்த முடிச்சைப் பழக்கிவிட்டாள். இரண்டு சுற்று, ஒரு மடக்கு, வாயால் கடித்து ஒரு இழுப்பு. பச்சையம்மா கட்டிய வாளி ஒருநாளும் கிணற்றில் விழுந்ததில்லை. தெருவே சொல்லும்.

அவள் மனசுக்குள் கொட்டகைக் கதவை ஒருத்தன் உதைத்துத் திறக்கிறான். உள்ளே இருட்டு. வெயிலிலிருந்து போகிறவனுக்கு எதுவும் தெரியாது. குதிரையின் வெள்ளை நெற்றி மட்டும் தெரியும். அடடா, இதோ இருக்கு என்று தலைக்கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு, இல்லை, வெற்று முதுகில் ஏறி உட்கார்ந்து வயிற்றில் ஒரு உதை. குதிரை பாயும். பாயும்போது கயிறு விறைக்கும், சிவப்புச் சீலை ஒரு பக்கமாகச் சாயும், அப்புறம்... முட்டை உடைந்து மஞ்சள் கரு ஓடிவிட்டது. போச்சு, இது எனக்கு. தட்டில் ஓரமாக ஒதுக்கினாள். அப்புறம் ஒன்றும் இல்லை, அப்புறம் நினைக்காதே. ஆனால் மனசு அந்த இடத்துக்கு, கயிறு விறைக்கிற இடத்துக்கு, திரும்பத் திரும்பப் போய் நின்றது, மாடு முளைக்குச்சியைச் சுற்றுகிற மாதிரி. "இதுல என்ன போட்டே, வெடிமருந்தா?" என்றான் டெனிஸ், கண்ணில் தண்ணீர் நிற்க. மிளகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. "பெப்பர், ஸார். நெஞ்சுக்கு நல்லது." "நெஞ்சை ஓட்டை போட்டுரும்போல இருக்கே. இன்னும் ரெண்டு போடு." கெட்டவன் மாதிரி இல்லை. முகமெல்லாம் வெயிலில் உரிந்து, மூக்கு மட்டும் புதுத்தோலாக, சின்னப் பையன் மூக்கு மாதிரி. பூட்ஸ் ஒன்று வாய் பிளந்திருந்தது. பிளந்த பூட்ஸோடு ஏன் கொள்ளையடிக்கப் போகிறான், முதலில் ஒரு பூட்ஸைக் கொள்ளையடிக்க வேண்டியதுதானே என்று தோன்றிச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்திலும் சிரிப்பு வருகிறது பார், உன் குணம் சுடுகாட்டுக்குப் போனாலும் போகாது என்று சடையன் சொல்வது சரிதான். சொல்லிவிடலாமா இவனிடம்? ஸார், அந்தக் கொட்டகையில் என் பிள்ளை தூங்குது. சொன்னால் போய்ப் பார்ப்பான். பிள்ளையையும் பார்ப்பான், ராணியையும் பார்ப்பான். நான் போய்ப் பிள்ளையைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டால்? கூடவே வருவான். விறகு எடுக்கணும் என்றால்? அடுப்படியில் விறகு குவிந்து கிடக்கிறது, குருடனுக்கும் தெரியும். விறகை முழுக்க எரித்துவிட்டால்? எரித்து முடிப்பதற்குள் இவன் இருபது முட்டை தின்றுவிடுவான், அப்புறம் தேடப் போகிறோம் என்று எழுந்துவிடுவான்.

கப்பலில் முதல் பிள்ளை போனபோது இவள் சிரிக்கவில்லை. அதை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை நாள் சிரித்துக்கொண்டே இருக்கிறாளோ என்னவோ. அதற்கு நல்ல பெயர் வைத்திருந்தார்கள், ராஜேஸ்வரி என்று, சடையன் கேட்ட பெயரிலேயே பெரிய பெயர் அதுதான். காய்ச்சல் கண்டு, கடல் நடுவில், ஒரு சாக்குத் துணியில் சுற்றி... கடலுக்குப் பாதாளக்கரண்டி இல்லை. அதனால் இரண்டாவது பிறந்ததும் யாரையும் கேட்காமல் குப்பு என்று வைத்துவிட்டாள். குப்பை. குப்பையைத் தேடி எமன் வரமாட்டான், கண்ணும் படாது. துரைசானி "கப்பி, கப்பி" என்று கொஞ்சுவாள், குப்பை என்று தெரிந்தால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். குப்பையை யார் எடுக்கப் போகிறார்கள்? கொள்ளைக்காரன் வந்தாலும் நல்லதைத்தான் எடுப்பான், ராணியைத்தான் எடுப்பான், குப்பையை விட்டுவிடுவான். விட்டுவிடுவான்தான், ஆனால் ராணியைக் குப்பையோடு சேர்த்து முடிச்சுப் போட்டது யார்? நான்தானே. இந்தக் கைதானே. இரண்டு சுற்று. ஒரு மடக்கு. வாயால் கடித்து... கடித்தேனா? பல்லில் கயிற்று நார் ஒட்டியிருக்கிறதா என்று நாக்கால் துழாவினாள். கடைவாயில் ஒரு நார் இருந்தது.

அப்போதுதான் கேப்டன் கூடத்திலிருந்து முற்றத்துக்கு வந்தான், பின்னால் ஹாலரன். கேப்டன் கையைக் கழுவிக்கொண்டே நல்லதனமாகப் பேசினான், விருந்துக்கு வந்தவன் போல. "நல்ல சமையல், ஹாலரன். இப்ப உண்மையைச் சொல்லிடுங்க. என் குதிரை நொண்டுது. இன்னைக்குப் பொழுதுக்குள்ள மலையைத் தாண்டணும். டச்சஸ் இல்லாம நான் போகப்போறதில்லை." ஹாலரன் சொன்னதையே சொன்னார். சொல்லும்போது அவர் கண் ஒரே ஒரு தரம் சன்னல் வழியாகப் பச்சையம்மாவின் மேல் வந்து விழுந்து போனது. பிள்ளைக்காகப் பதறுகிற பார்வை இல்லை அது. வாயை மூடு என்கிற பார்வை. இவருக்கும் மூன்று பிள்ளைகள். மூன்றும் கூடத்தில் அம்மா மடியில் பத்திரமாக உட்கார்ந்து பியானோ கேட்கின்றன. அவர் மறந்துவிட்டாரா? என் பிள்ளையும் குதிரையும் ஒரே கயிற்றில் இருக்கிறது என்று அவருக்கு நினைவே இல்லையா? இருக்கிறது, இருந்தும் குதிரையைத் தராசின் ஒரு தட்டில், குப்புவை ஒரு தட்டில் வைத்துப் பார்த்து... வேண்டாம், அப்படி நினைக்காதே, அவர் கெட்டவர் இல்லை, பிரசவத்துக்கு வைத்தியரை வண்டி அனுப்பிக் கூட்டிவந்தவர். கெட்டவர் இல்லாத ஆள்தான் இதைச் செய்கிறார். அவருக்கு ஒரு முடிச்சுக்கும் இன்னொரு முடிச்சுக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான். ஜாக் கட்டுகிற மாதிரிதானே மேரியும் கட்டியிருப்பாள், இழுத்தால் அவிழும் என்று நினைத்திருப்பார். ஜாக் எப்போதும் அப்படித்தானே கட்டுவான். கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டெனிஸ், சாப்பிட்டது போதும். அந்தப் பக்கத்துக் கொட்டகைங்களைப் பாரு. நான் லாயத்தைப் பாக்கறேன்." சொல்லிவிட்டு ஹாலரனைக் கூடத்துக்குள் தள்ளிவிட்டு முன்பக்கம் போனான்.

டெனிஸ் கடைசித் துண்டு ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கட்டும். நன்றாகத் துடைக்கட்டும். சொல்லு, பச்சை, இப்போது சொல்லாவிட்டால் எப்போது? வாயைத் திறந்தாள். இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. தமிழும் வரவில்லை. இது போச்சுன்னா நீயும் ஜாக்கும் வேற இடம். சடையன் அந்தக் குதிரை குட்டியாக இருந்தபோது அதற்குத் தன் போர்வையைப் போர்த்திவிட்டுத் தான் குளிரில் கிடந்தவன், வண்டியை நிறுத்தியதும் முதலில் லாயத்துக்குத்தான் போவான், அப்புறம்தான் இவளிடம். அவன் முகத்தில் எப்படி முழிப்பது, நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று? காட்டிக்கொடுக்காமல் இருந்தேன், அதனால் பிள்ளை... என்று எப்படி முழிப்பது? ஒன்று விறைத்தால் இன்னொன்று விறைக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு ஒன்றுதான். அந்த நேரம், சொல்லிவைத்தாற்போல், நெஞ்சில் சுரீர் என்றது. நிறையப் பெண்களுக்குத் தெரியும் அந்தச் சுரீர். குழந்தை எங்கேயோ கண் விழித்தால் உடம்புக்கு முதலில் செய்தி வந்துவிடும். காது கேட்பதற்கு முன்னாலேயே. வேண்டாம், இப்போது வேண்டாம் என்று முழங்கையை மாரோடு சேர்த்து அழுத்தினாள். அழுத்தியும் நிற்கவில்லை. ரவிக்கை ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், சூடாக நனைந்து பரவியது.

டெனிஸ் எழுந்து துப்பாக்கியை எடுத்தவன் அப்படியே நின்றான். அவள் சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அவன் முகம் சிவந்தது. ஆனால் கண்ணை அப்பால் திருப்பிக்கொண்டு அவன் கேட்ட கேள்வி தெளிவாக இருந்தது. "எங்கம்மாவுக்கு நாங்க பதினொரு பேர். எனக்கு அது தெரியும். உன் குழந்தை எங்கே?" அவள் சட்டியைப் பார்த்தாள். அவன் கூடத்தின் பக்கம் பார்த்தான், மாடியைப் பார்த்தான், அப்புறம் இவள் பார்க்காமல் இருக்கிற திசையைப் பார்த்தான். இத்தனை நேரம் எங்கே பார்க்காமல் இருந்தாளோ அந்தத் திசை. கொட்டகையிலிருந்து ஒரு சின்னச் சிணுங்கல் கேட்டது. உடனே தூளி கட்டிய உத்திரம் கிறீச் கிறீச் என்றது. குதிரை தலையை ஆட்டுகிறது, பிள்ளையைத் தூங்கப்பண்ணுகிறது, அடியே ராணி, இப்ப எதுக்குடி? டெனிஸ் கொட்டகைக் கதவை நோக்கி நடந்தான். வேகமாக இல்லை. ஆனால் பச்சையம்மா ஓடினாள், கையில் தோசைத்திருப்பி போன்ற அந்தத் தகட்டுக் கரண்டியோடு, எண்ணெய் சொட்டச் சொட்ட. அவனை முந்திக் கதவில் முதுகை ஒட்டி நின்றாள். இப்போது எல்லா வார்த்தையும் வந்தது, தாறுமாறாக. "ஸார், பேபி கட்டியிருக்கு. குதிரையில் பேபி கட்டியிருக்கு. இழுக்காதே. ப்ளீஸ். இழுத்தா செத்துடும். குதிரை எடுத்துக்கோ, இழுக்காதே, முடிச்சு என்னோடது, நான் அவுக்கறேன்." குதிரையில் குழந்தையைக் கட்டுவார்களா என்று அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளை விலக்கிக் கதவைத் திறந்து உள்ளே பார்த்ததும் வாயைப் பிளந்தான். சிவப்புச் சீலைத் தூளி, அதற்குள்ளிருந்து வெளியே ஆடுகிற ஒரு கால், கயிறு, கயிற்றின் நுனியில் ஊரெல்லாம் தேடுகிற குதிரை. "ஏசுவே," என்றான் மெல்ல.

முடிச்சு கல்லாக இருந்தது. எத்தனையோ தரம் தலையை ஆட்டி ஆட்டி அதை இறுக்கிவைத்திருந்தது குதிரை. நகம் உள்ளே போகவில்லை, பல் போகவில்லை. இரண்டு சுற்றுத்தான், அவளுக்குத் தெரியும், காலையிலிருந்தே தெரியும். டெனிஸ் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். கத்தி குதிரையின் கன்னத்தருகே போனபோது இவள் கண்ணை மூடிக்கொண்டாள். நறுக்கென்று ஒரு சத்தம், தூளி தன் இஷ்டத்துக்கு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. குப்புவை வாரி எடுத்தாள். அது இவளுடைய நனைந்த ரவிக்கையை மோப்பம் பிடித்துக்கொண்டு தலையால் முட்டியது. அவ்வளவுதான். முடிந்துவிட்டது. பிள்ளை கையில் இருக்கிறது, கனமாக, ஈரமாக, சூடாக. இனி உலகம் எப்படிப் போனாலும் போகட்டும் என்றிருந்தது. ஆனால் போகவில்லை. டெனிஸ் இழுத்தான், குதிரை நகரவில்லை. காலை நான்கையும் நட்டுக்கொண்டு பச்சையம்மாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் நாக்கைச் சொடுக்கினான், தட்டிக்கொடுத்தான், தலைக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்ந்தான். வெளியே கேப்டன் "என்ன ஆச்சு?" என்று கத்துவது கேட்டது. டெனிஸ் சுவரோரம் கிடந்த ஒரு விறகுக் கட்டையை எடுத்தான். "அடிக்காதே," என்றாள். "அதை யாரும் அடிச்சதில்ல." கட்டையோடு அவன் நின்றான். "அப்ப நீயே சொல்லு, எப்படிக் கூட்டிட்டுப் போறது?" எப்படிக் கூட்டிப் போவது என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அடிப்பான், அடித்தும் நகராவிட்டால் கேப்டன் வருவான், அவன் கையில் இருக்கிறது விறகுக்கட்டை இல்லை. சொன்னால் நானே கொண்டுபோய் விட்டமாதிரி. எந்தப் பக்கம் இழுத்தாலும். அவள் குப்புவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கொட்டகையை விட்டு வெயிலுக்குள் நடந்தாள். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது, தயங்கி, அப்புறம் தயங்காமல். திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை அவள் தோளுக்கு மேலாகக் குதிரையைப் பார்த்துச் சிரித்தது. குதிரையின் மூச்சு அவள் கழுத்தில் சூடாக விழுந்தது. முற்றத்தைத் தாண்டி, கொடியில் உலர்கிற துப்பட்டிகளைத் தாண்டி, பெரிய கேட்வரை. கூடத்துச் சன்னல் நெடுக முகங்கள். நடு முகம் ஹாலரனுடையது.

கேட்டில் டெனிஸ் சேணத்தைப் போட்டான். "இதோட இடது காதைத் தொடக்கூடாது," என்றாள் அவள். "தகர வாளியில தண்ணி குடிக்காது. மர வாளி." அவன் சரி சரி என்று தலையை ஆட்டினான், எதை எங்கே எழுதிவைத்துக்கொள்வான், மலையில் மர வாளிக்கு எங்கே போவான், அவளுக்கே தெரிந்திருந்தது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேப்டன் வந்து ஏறினான், மற்ற இருவரும் தங்கள் குதிரைகளில் ஏறினார்கள். குதிரை ஒரு தரம் தலையைத் திருப்பியது. தலைக்கயிற்றில் அந்த முடிச்சு இன்னும் இருந்தது, அறுந்த கயிறு ஒரு சாண் தொங்க. அதை அவிழ்க்க யாருக்கும் நேரம் இல்லை, அவிழ்க்கவும் முடியாது, மலைக்கு அப்பாலும் அது அங்கேதான் இருக்கும். பிறகு தூசு. பிறகு ஒன்றும் இல்லை. பியானோவும் நின்றுவிட்டது.

ஹாலரன் வந்தபோது அவள் கொட்டகையில் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "யார் சொன்னது அவங்களுக்கு?" என்றார். முகம் வெளுத்திருந்தது. "யாரும் சொல்லல, ஸார். பிள்ளைக்குப் பசிச்சது." "நீயே கூட்டிட்டுப் போனே. என் கண்ணால பாத்தேன்." "ஆமா, ஸார்." அவர் அவள் முன்னால் நின்றார், தூளியைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார், அறுந்த கயிற்றைக் காலால் ஒரு தரம் புரட்டினார். கயிற்றையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையின் தலைக்கும் குழந்தைக்கும் நடுவில் இருந்த அந்த நீளத்தை அவர் அப்போதுதான் பார்த்தாரோ என்னவோ. "ஜாக் வரட்டும்," என்றார். கோபமாகச் சொல்ல ஆரம்பித்த வார்த்தை பாதியில் சத்தம் இறங்கிப்போனது. அவர் போனபின் அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. ரொட்டி. போகட்டும். இந்த ஊரில் என்னைத் துரத்திவிட்டு ரொட்டிக்கு யாரை வைப்பார், துரைசானியின் ரொட்டியால் சுவர் கட்டலாம். அப்படியே துரத்தினாலும் கை இருக்கிறது, கால் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. சடையன் முகம்தான்... அவன் வண்டியை விட்டு இறங்கி நேரே லாயத்துக்குப் போவான். முன்னாலேயே போய் வழியில் நின்று சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது? அடிவாங்காம போச்சு, என் பின்னாலயே வந்துச்சு என்று தொடங்கலாம். குப்பு கண் சொருகியது. தூளியில் போட்டால் ஆட்ட ஆளில்லை. பிள்ளையைத் தூளியில் விட்டு, அறுந்த கயிற்றை எடுத்துத் தூளி விளிம்பிலிருந்து தன் கால் பெருவிரலுக்கு இழுத்தாள், ஊரில் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே ஆட்டுகிற மாதிரி. கை இரண்டு சுற்றுச் சுற்றப் போனது. நிறுத்தினாள். இப்படி வளைச்சு, இப்படி உள்ளே, தலையை விடாதே வாலை விடு. வாலை விட்டாள். ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். சத்தமில்லாமல் முழுதும் அவிழ்ந்து மடியில் விழுந்தது. ஓடைப் பக்கம் வண்டிமாட்டு மணி கேட்டது, வெகு தூரத்தில், வருவதா போவதா என்று தெரியாத மாதிரி. அவள் மறுபடி கட்டினாள். காலை அசைத்தாள், புல்லுக்கு ஒரு ஆட்டு, மெல்லும்போது சின்னச் சின்ன ஆட்டு.